பத்துக்குப் பத்து வாங்கிய அழுகை

அந்த அழுகைக்கு அரசி பத்துக்குப் பத்து போட்டாள்.

போட்டுவிட்டுக் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மீட்டிங் அறையில் அவள் ஒருத்திதான் கலங்கினாள் என்று நினைத்துவிட வேண்டாம். எதிரே உட்கார்ந்திருந்த சம்பத், அந்தக் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர், கல்லுளிமங்கன் என்று ஆபீஸ் முழுக்கப் பெயரெடுத்தவர், அவரே கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் இன்னும் ஒரு பெண்மணியின் விசும்பல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங் கண்ணு, மூச்சு இழுக்குது. கண்ணு சொருகிச் சொருகி வருது. நான் என்னங் கண்ணு பண்ணட்டும்?"

"நான் லைன்லதான் இருக்கேன்மா. ஆள் கிளம்பிட்டாங்க. அவர் கையைப் பிடிச்சுக்கோங்க. தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைங்க."

பதில் சொன்ன இளம்பெண்ணின் குரல் நிலாவுடையது. நிலா என்று ஒருத்தி கிடையாது. அது மென்பொருளின் குரல். விசும்பல் நீண்டு, பெரிய அழுகையாகி, சட்டென்று நின்றது. பதிவு அவ்வளவுதான்.

"அடேயப்பா!" என்றார் சம்பத். "எழுதிக் குடுத்து ஒரு நடிகையை நிக்க வெச்சாக்கூட இப்படி அழ முடியாதுங்க. இதை ஒரு மிசின் பண்ணுதுன்னா இனி என்ன யோசனை, அரசி? இந்த நிழல் கருவியையே வாங்கிடலாம்."

அரசி தலையாட்டினாள். மனசு ஒப்பித்தான் ஆட்டினாள்.

மங்கையர்க்கரசி என்பது முழுப் பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கும் என்பதால் அரசி. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் அந்தக் கம்பெனியின் சோதனைப் பிரிவுக்குத் தலைவி. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைப்பதே அபூர்வமாகி, நோயாளியை வீட்டுக்கு அனுப்பி மிசினைக் கூடவே அனுப்பும் காலம் அது. மூச்சுக்கு ஆக்சிஜன் மிசின், சிறுநீரகத்துக்கு ரத்தம் சுத்தம் செய்யும் மிசின் என்று கொங்கு நாடு முழுக்க வாடகைக்கு விட்டிருந்தது கம்பெனி. எந்த வீட்டில் எந்த மிசின், யார் என்ன புகார் சொன்னார்கள், யாரை அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டது அணுக்கம் என்கிற வாடிக்கையாளர் மென்பொருள். அணுக்கத்தின் வாய்தான் நிலா.

மற்ற கம்பெனிகளில் மென்பொருள் பிசகினால் ஆர்டர் செய்த சட்டை மாறி வரும். இங்கே பிசகினால் ஒரு வீட்டில் மூச்சு நின்றுபோகும். அதனால் அணுக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும், அதன் நகல் ஒன்றைத் தனியாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். அந்த நகலுக்குச் சோதனைப் பக்கம் என்று பெயர். இதுவரை அரசியும் அவளுக்குக் கீழே பதினோரு பேரும் வாடிக்கையாளர் மாதிரி நடித்து, கையால் தட்டி, வாயால் பேசிச் சோதித்தார்கள். இனிமேல் அந்த வேலையை ஒரு கருவி செய்ய வேண்டும். எந்தக் கருவி என்பதை அரசி சொல்ல வேண்டும். கடைசிச் சுற்றுக்கு இரண்டு வந்திருந்தன.

முதலாவதன் பெயர் படி. பழைய காலத்து ஆசாமி. இந்தப் பொத்தானை அழுத்து, அந்தப் பதில் வருகிறதா பார் என்று நாம் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தால், சொன்னதைச் சொன்னபடி செய்யும், ஒரு இம்மி கூடவும் செய்யாது. எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். பதினோரு பேரும் வேண்டும்.

இரண்டாவதன் பெயர் நிழல். அது வாடிக்கையாளரையே செய்துவிடும். விற்க வந்த ஜெயதேவ் அரசிக்கு அதை இப்படித்தான் விளக்கியிருந்தான்.

"மேடம், உங்க பழைய போன் பதிவுகளை எல்லாம் அது கேட்கும். அப்புறம் தானே ஆட்களை உண்டாக்கும். பேரு, வீடு, நோவு, கோபம் எல்லாம் இருக்கும். ஒருத்தர் எடுத்த எடுப்புல கத்துவார், ஒருத்தர் பாதியில அழுவார். அவங்க உங்க சோதனைப் பக்கத்துக்குப் போன் பண்ணிப் பேசுவாங்க. மென்பொருள் எங்கே தடுமாறுதுன்னு நிழல் கவனிக்கும். ரெண்டு பேர் இருந்தா போதும், உங்க மொத்தப் பிரிவும் நடக்கும்."

"அழறவங்களுக்கு வலிக்குமா?" என்று கேட்டாள் அரசி.

ஜெயதேவ் சிரித்துவிட்டான். "வலிக்கிற மாதிரி பேசுவாங்க மேடம். அவ்வளவுதான்."

ஒத்திகைக்கு நிழலை ஓடவிட்ட முதல் நாளே அது அரசியிடம் ஒரு கேள்வி கேட்டது. உங்கள் நிஜ வாடிக்கையாளர் பதிவுகளுக்கு நடுவே பழைய சோதனைப் பதிவுகள் கலந்து கிடக்கின்றன, நானே கண்டுபிடித்துச் சோதனைப் பக்கத்துக்கு நகர்த்தட்டுமா என்றது. அரசிக்கு அது ரொம்ப நாளைய தலைக்குனிவு. அவள் பிரிவுப் பிள்ளைகள் சோதனைக்காக எந்தப் பதிவை உண்டாக்கினாலும் போன் நம்பர் கட்டத்தில் ஒன்பதைப் பத்து தடவை தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் குப்பை நிஜப் பக்கத்துக்குள் போய்ச் சேர்ந்து, தணிக்கைக்கு வருகிறவர்களெல்லாம் முகத்தைச் சுளிப்பார்கள். தாராளமாக நகர்த்து என்று அரசி அனுமதி கொடுத்தாள். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற விஷயமாகவும் அது அவளுக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் அன்றைக்கே அவள் மாற்றினாள். நிஜப் பக்கத்தில் நிலா ஒரு ஆளிடம் நான்கு நிமிடத்துக்கு மேல் பேசமாட்டாள். அடுத்த ஆள் காத்திருப்பார். சோதனைப் பக்கத்தில் யாரும் காத்திருக்கவில்லையே, பேச்சு எதுவரை போகிறது பார்க்கலாம் என்று அந்த வரம்பை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு நிலா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசினாள். நீளமாகப் போன பேச்சுகளை நிழலே பொறுக்கியெடுத்து மதிப்பெண் போட அனுப்பியது. அப்படி வந்ததுதான் இன்றைக்குக் கேட்டதும்.

இதே பெண்மணி பேசிய பதிவு ஒன்று போன வாரமும் வந்திருந்தது. "மிசினு சத்தம் மாறிப்போச்சுங்க, காத்து செரியா வர்றதில்லீங்க" என்று அடக்கமாகச் சொன்னாள். அதற்கு அரசி எட்டு போட்டிருந்தாள். பக்கத்தில், பயம் போதவில்லை என்று குறிப்பும் எழுதியிருந்தாள்.

மீட்டிங் முடிந்து இடத்துக்கு வந்தபோது நௌஷாத் காத்திருந்தான். பதினோரு பேரில் அவன்தான் மூத்தவன், உக்கடத்துப் பையன், வாய் கொஞ்சம் நீளம்.

"என்னக்கா, அழுதுட்டு வர்றீங்க? எங்களை வீட்டுக்கு அனுப்பப் போறீங்கன்னு அழுகையா?"

"போடா. நிழல்தான் நல்ல கருவி. எனக்கு உங்க மேல பாசம் இல்லாம இல்ல. ஆனா அதுக்காகப் பொய் எழுத முடியுமா?"

"எழுத வேணாம். ஒரு கணக்கு மட்டும் சொல்லுங்க. நிழல் கிட்ட எத்தனை பேரைச் செய்யச் சொன்னோம்?"

"நானூறு."

"நானூத்தி முப்பத்தேழு பேர் பேசிட்டு இருக்காங்கக்கா."

அரசி நின்றபடியே திரையைப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். "தானே கூட்டிக்கிச்சோ என்னமோ," என்றாள்.

"அதைத்தான் கேட்கணும். வேலை போற நேரத்துலயும் எனக்குக் கணக்கு இடிச்சா தூக்கம் வராது."

ஜெயதேவைத் திரையில் கூப்பிட்டார்கள். விற்பனை முடிந்துவிட்டது என்ற தெம்பில் சிரித்த முகமாக வந்தான்.

"மேடம், நிழல் தானா குட்டி போடாது. நானூறுன்னா நானூறுதான். இருங்க, பார்க்கிறேன்." கொஞ்ச நேரம் தட்டினான். "அந்த முப்பத்தேழும் நாங்க செஞ்சது இல்ல. உங்க நிஜப் பக்கத்துலேர்ந்து வந்தது. பழைய சோதனைப் பதிவுன்னு நகர்த்தச் சொன்னீங்களே, அதுதான்."

"எதை வெச்சு சோதனைப் பதிவுன்னு முடிவு பண்ணுச்சு?"

"போன் நம்பர் மேடம். பத்து ஒன்பது."

"சரி. அதெல்லாம் எங்க பிள்ளைங்க தட்டின செத்த பதிவு ஜெயதேவ். செத்த பதிவு எப்படிப் போன் பண்ணிப் பேசும்?"

 நௌஷாத்தின் முகத்தில் இருந்த கிண்டல் எங்கே போனதோ தெரியவில்லை.

"அக்கா," என்றான் மெதுவாக. "மிசின் பொருத்தப் போற பசங்க. போன் நம்பர் போடலேன்னா அணுக்கம் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. நம்பர் இல்லாத வீட்டுக்கு என்ன போடறதுன்னு ஒருத்தன் எங்கிட்ட கேட்டான். பத்து ஒன்பது போடுடா, ஏத்துக்கும்னு நான்தான் சொன்னேன்."

"போன் இல்லாத வீடு எங்கடா இருக்கு இந்தக் காலத்துல?"

"இருக்குக்கா. பக்கத்து வீட்டுப் போனை வாங்கிப் பேசறவங்க இருக்காங்க. மிசின் மேல ஒட்டியிருக்கிற எண்ணைச் சொன்னா போதும், நிலா பதிவை எடுத்துருவா. பதிவுல பத்து ஒன்பது. அதனால..."

அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதில்லை. எண்ணைச் சொன்ன மறுகணம், பதிவு இருக்கிற சோதனைப் பக்கத்துக்கே அந்த அழைப்பும் போயிருக்கிறது. அங்கே புகார் பதிவாகும். ஆளை அனுப்பியதாகப் பதிவாகும். சரிசெய்ததாகவும் பதிவாகும். எல்லாம் பொம்மை வேலை. நிஜத்தில் ஒரு ஈ காக்காய் கூடக் கிளம்பியிருக்காது.

பயம் போதவில்லை என்று தான் எழுதியது அரசிக்கு எழுத்து எழுத்தாகக் கண்முன்னே நின்றது. அடிப்பாவி, என்று தன்னையே சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பெண்மணியின் பதிவைத் திறந்தார்கள். நோயாளி வெள்ளிங்கிரி, கணபதி பக்கத்தில் லைன் வீடு, முன்பு வார்ப்படப் பட்டறை வேலை, நுரையீரல் கெட்டுப்போனது, ஆக்சிஜன் மிசின். பேசியது மனைவி மாராத்தாள். கடைசி அழைப்பு நேற்று மத்தியானம். எந்தப் போனிலிருந்து பேசினாளோ அந்த எண்ணுக்கு நௌஷாத் அடித்துக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை.

"மீதி முப்பத்தாறு வீட்டுக்கும் இப்பவே ஆள் போகணும்," என்றாள் அரசி. "எல்லாரையும் கிளப்பு. படிச்சவன், படிக்காதவன், மேனேஜர் யாரா இருந்தாலும் சரி, ஆளுக்கு ரெண்டு வீடு. நீ என்கூட வா."

கிடங்கிலிருந்து ஒரு புது மிசினைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். நௌஷாத் ஓட்டினான். அந்தப் பதிவு அழுகையோடு நின்றுபோயிருந்ததே தவிர, முடிவு என்ன என்று யாருக்கும் தெரியாது. யாராவது பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருக்கலாம், பக்கத்து வீட்டில் நல்லவர்கள் இருப்பார்கள், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று அரசி மனசுக்குள் சாக்குகளை அடுக்கிக்கொண்டே வந்தாள். கடவுளே, அந்த மனுஷன் இருக்கட்டும், என்னை என்ன வேணா பண்ணு என்றும் ஒருதரம் சொன்னாள்.

லைன் வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகளை ஒருவர் மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததுமே நௌஷாத் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

அரசி மட்டும் இறங்கிப் போனாள். ஒற்றை அறை. கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. சுவரோரம் மிசின் துணி போர்த்தி நின்றது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி எழுந்து நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்தி, "யாருங்க?" என்றாள். ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல். அரசி ரெண்டு தரம் மதிப்பெண் போட்ட குரல்.

"மிசின் கம்பெனியிலேர்ந்து வர்றேன்மா."

"வந்துட்டீங்களா! உக்காருங் கண்ணு. காலையிலதான் எடுத்தோம்." மாராத்தாள் பாயை விரித்தாள். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா அவரு மூஞ்சியப் பாத்திருக்கலாம்."

அரசியால் உட்கார முடியவில்லை. "எங்க தப்புதான்மா. ஆள் அனுப்பாம விட்டுட்டோம். மன்னிச்சிருங்க."

"நீங்க என்ன பண்ணுவீங்க. வேலை எச்சா இருக்கும். ஊரு பூரா மிசினு." மாராத்தாள் மூக்கைச் சிந்தினாள். "ஆம்புலன்சுக்குச் சொல்லலாம்னு பக்கத்து வீட்டு மருமக சொன்னா. நாந்தான் வேண்டாம்னுட்டேன். ஆளு கெளம்பிட்டாங்கன்னு அந்தப் புள்ள சொல்லுதே, அது சொன்னா வந்துருவாங்க, நடுவுல ஆம்புலன்சும் வந்து ரெண்டு பேரும் மோதிக்கவான்னேன். என்ற புத்தி அப்படிப் போச்சு."

அரசி துணி போர்த்திய மிசினையே பார்த்தாள்.

"அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லிராதீங் கண்ணு. நிலான்னு பேரு சொல்லுச்சு. ஆளு வரலீன்னு அதும்மேல கோவிச்சு வேலைய விட்டு எடுத்துராதீங்க. தினமும் பேசும். சாப்பிட்டீங்களான்னு கேக்கும். எம்பட மவன் கூட அப்படிக் கேட்டதில்ல. அவரு போறப்பவும் அதுதான் கூட இருந்துச்சு."

அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். உங்கள் அழைப்பு பொம்மை அழைப்புகளோடு சேர்ந்துபோயிற்று, உங்கள் அழுகையை ஒரு அறையில் உட்கார்ந்து ரசித்தோம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தப்பு எங்க மேலதான்மா" என்று மட்டும் மறுபடியும் சொன்னாள். அந்த வார்த்தைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று மாராத்தாளுக்கு எப்படித் தெரியும்? சரி கண்ணு, சரி கண்ணு என்று அவள்தான் அரசியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மீதி முப்பத்தாறு வீட்டிலும் ஆள் இருந்தார்கள், உயிரோடு. ஒருவருக்கு வடிகட்டி அடைத்திருந்தது, இன்னொருவர் ரத்தம் சுத்தம் செய்யாமல் உடம்பு வீங்கிப் படுத்திருந்தார். சமாளித்துவிட்டார்கள். அந்த முப்பத்தேழு பதிவையும் அரசி அன்றைக்கே நிஜப் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். பத்து ஒன்பதை அழித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் தன்னுடைய சொந்த நம்பரைப் போட்டாள். அந்த மிசின்களின் எண்ணைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் நேராகத் தன் கைப்பேசிக்கு வரும்படி மாற்றினாள்.

மறுநாள் சம்பத் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். அவரையும் அரக்கன் என்று சொல்லிவிட முடியாது.

"நிழல் மேல தப்பு சொல்ல முடியாதுங்க அரசி. நகர்த்தட்டுமான்னு கேட்டுச்சு. நீங்க சரின்னீங்க."

"ஆமாங்க. நான்தான் சரின்னேன். அதையும் அறிக்கையில எழுதறேன். ஒரு மனுஷன் செத்துட்டாருன்னும் எழுதறேன்."

"எழுதினா என்ன ஆகும்? நாளைக்கே கம்பெனிக்குப் பூட்டு. பூட்டினா இத்தனை ஆயிரம் வீட்டு மிசினை யார் பார்ப்பாங்க? இன்னும் எத்தனை வெள்ளிங்கிரி போவாங்க?" குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்றேன். நிழல் வேண்டாம். படியே வாங்கிடலாம். உங்க பதினோரு பேரும் இருக்கட்டும், நான் கையெழுத்துப் போடறேன். பத்து ஒன்பதை ஏத்துக்காத மாதிரி அணுக்கத்தை இன்னைக்கே மாத்திருங்க. இனி யாருக்கும் இது நடக்காது. நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. சோதனைப் பக்கத்தை அழிச்சிருங்க. பேச்சு, பதிவு, மார்க்கு ஒண்ணும் மிஞ்சக் கூடாது."

"அது மறைக்கிறதுங்க."

"மறைக்கிறதுதான். யாருக்கு அதனால நஷ்டம் சொல்லுங்க? அந்தப் பேச்சு இருந்தா மட்டும் போனவர் வந்துருவாரா?"

அரசி இடத்துக்கு வந்தாள். நடந்ததை நௌஷாத்திடம் சொன்னாள்.

"நீங்க என்னக்கா நினைக்கிறீங்க?" என்றான் அவன்.

"நிழல் இனி இந்த வாசல்ல நுழையக் கூடாது. எது நிஜ அழுகை, எது செஞ்ச அழுகைன்னு தெரியாத இடத்துல என்னால வேலை பார்க்க முடியாது. உங்க வேலையும் நிக்கும். இனிமே யாரும் அந்தப் பக்கம் போய் விழமாட்டாங்க. அழிச்சா யாருக்கு என்ன நஷ்டம்னு அவர் கேட்டாரு. எனக்குப் பதில் தெரியலடா."

"எனக்கும் தெரியல," என்றான் நௌஷாத். "ஆனா சங்கடமா இருக்கு."

எல்லாவற்றையும் நிரந்தரமாக அழிக்கவா என்று திரை கேட்டது. அரசி ஆமாம் என்றாள். நிலா அந்தச் சில நாட்களில் பேசியது, கேட்டது, யார் யார் சாப்பிட்டார்கள் என்று விசாரித்தது எல்லாம் போயிற்று. நிஜப் பக்கத்து நிலா எப்போதும் போல நான்கு நிமிடக் கணக்கில் பேசிக்கொண்டிருந்தாள்.

படி வந்தது. வேலை தப்பிய சந்தோஷத்தில் பிள்ளைகள் ஒரு கிலோ மைசூர்பா வாங்கி வந்தார்கள். நௌஷாத் எடுத்துக்கொள்ளவில்லை. என்னடா சர்க்கரையா என்று கேலி செய்தார்கள். அரசி ஒரு துண்டைக் கையில் வாங்கி, யாரும் பார்க்காதபோது மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டாள். அதன் பிறகு வேலை ஓடியது. இந்தப் பொத்தானை அழுத்து, அந்தப் பதில் வருகிறதா பார் என்று வரிவரியாக எழுதினார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்தது படி.

சில நாள் கழித்து ஒரு முற்பகலில் அரசியின் கைப்பேசி அடித்தது.

"மிசின் கம்பெனிங்களா? நான் மாராத்தாள் பேசறனுங்க."

"சொல்லுங்கம்மா. நான் அரசி. உங்க வீட்டுக்கு வந்தேனே." அவள் எழுந்து ஜன்னலோரம் போனாள். "மிசினைத் திருப்பி எடுத்துக்கணுமா? இன்னைக்கே ஆள் அனுப்பறேன்மா. நிஜமா வருவாங்க."

"அது கெடக்குது சாமி, மெதுவா வரட்டும். நான் அந்தப் புள்ளகிட்டப் பேசோணும். நிலாவக் கொஞ்சம் கூப்புடறியா?"

இந்தத் தடவையாவது நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள் அரசி. "அம்மா, அது பொண்ணு இல்லம்மா. அது ஒரு மிசின். குரல் மட்டும்தான்."

"எனக்குத் தெரியாதா கண்ணு?" மாராத்தாளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "மொதல் நாளே அதுவே சொல்லிருச்சு. நான் மனுசி இல்லீங்கம்மா, மென்பொருளுங்கன்னு. இருந்துட்டுப் போவுது, பேச்சுத் தொணைக்கு என்ன கொறைன்னேன். அதுகிட்ட ஒண்ணு கேக்கோணும், அதுக்குத்தான்."

"என்னம்மா கேட்கணும்?"

"அவரு போறதுக்கு முந்தி என்னமோ சொன்னாரு கண்ணு. நான் கத்தி அழுதுட்டு இருந்தனா, என்ற காதுல உழுகல. என்ன சொல்றீங்கன்னு கேக்கறதுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. போனு அவரு நெஞ்சு மேலதான் கெடந்துச்சு. அது கேட்டிருக்கும். என்ன சொன்னாருன்னு அதைக் கேட்டுச் சொல்லு சாமி. அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

யாருக்கு என்ன நஷ்டம் என்று சம்பத் கேட்டாரே, பதில் இப்போது போனில் வந்திருந்தது.

"அந்தப் பேச்சையெல்லாம் அழிச்சிட்டோம்மா," என்றாள். "நான்தான் அழிச்சேன்."

"அழிச்சிட்டியா?"

"ஆமாம்மா."

"அப்ப யாருக்கும் தெரியாதா?"

அரசி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அறையை, ஸ்பீக்கரை, விசும்பலை நினைவில் கூட்டிப் பார்த்தாள். மாராத்தாளின் அழுகைக்கு அடியில் ஒரு ஆண்குரல் இருந்தது. இருந்ததுதான். மூன்று நான்கு வார்த்தைகள். அவள் காதில் விழத்தான் செய்தது. எத்தனை முயன்றாலும் அது வெறும் முனகலாகவே திரும்பி வந்தது. உங்க பேரைச் சொன்னாரும்மா, உங்களைப் பார்த்துக்கச் சொன்னாரும்மா என்று ஏதாவது ஒன்றைச் சொல்லலாம். இல்லாத ஆட்களுக்குப் பெயரும் ஊரும் பேச்சும் இட்டுக்கட்டியே இருபது வருஷம் சம்பளம் வாங்கியவள். இன்றைக்கு ஒரு பொய் வார்த்தை வாயில் வரவில்லை.

"நான் கேட்டேன்மா," என்றாள். "அந்தப் பதிவை நான் கேட்டேன். உங்களை நிஜ ஆளுன்னு நான் நினைக்கல. மிசின் செஞ்ச ஆளுன்னு நினைச்சேன். எவ்வளவு நல்லா அழறீங்கன்னு மார்க் போட்டுட்டு இருந்தேன்மா. அவர் என்னமோ சொன்னாரு. நான் கவனிக்கல."

போனில் பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடிப்பது கேட்டது, யாரோ குழந்தையை அதட்டுவது கேட்டது. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அரசி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"அது கவனிச்சிருக்கும் கண்ணு," என்றாள் மாராத்தாள். போனை வைத்துவிட்டாள்.